ஃபாஃப்சா நாட்குறிப்பு

டிசம்பர் 30, 2023

கல்லூரிக்கு மத்திய அரசு உதவித்தொகை கேட்கிற ஃபாஃப்சா படிவத்தை இணையத்தில் திறந்துவிட்டார்களாம். கொஞ்ச நேரம்தானாம், அதற்குள் மூடியும் விட்டார்களாம். தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா முதல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டிருக்கிறார். அதற்கே ஏகப்பட்ட கைதட்டல்.

டிசம்பர் 31

இன்றும் திறந்து மூடினார்கள். எங்களுக்குக் கிடைத்தது "பிறகு முயலவும்" மட்டும். வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கிற படிவம். எளிமையாக்குகிறோம், நூறு கேள்விக்கு மேல் இருந்ததைச் சிலருக்குப் பதினெட்டாகக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் மூன்று மாதம் தள்ளினார்கள். கேள்வி குறைந்தது சரி, கேள்விக்குப் போக வழி விட வேண்டாமா?

இவர் காலையிலிருந்து லேப்டாப் முன்னால்தான். நவம்பரில் வேலை போன பிறகு இவ்வளவு மும்முரமாக இவரைப் பார்க்கவில்லை. அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு லிவர்மோர் கோயிலுக்குப் போகிறோமா இல்லையா என்று சின்னவள் கேட்டுக் கேட்டுத் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 1, 2024

கோயிலில் கூட்டம். பெரியவன் வரவில்லை.

ஜனவரி 6

உள்ளே போய்விட்டோம். பெயரில் மாட்டிக்கொண்டோம்.

பெரியவன் தன் கணக்கிலிருந்து அப்பாவை அழைக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எல்லாம் அட்டையில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். பெரியவனின் கடைசிப் பெயர் இவருடைய பெயர். இவருடைய கடைசிப் பெயர் மாமனாருடைய பெயர். என்னுடைய கடைசிப் பெயரும் இவர் பெயர்தான், ஆகவே காகிதத்தில் பார்த்தால் நானும் பிள்ளைகளும் ஒரு குடும்பம், இவர் யாரோ. இந்த ஊரில் இதை எத்தனை பேருக்கு விளக்கியாயிற்று! போதாததற்கு அட்டையில் மாமனார் பெயர் நடுவே ஓர் இடைவெளி விட்டு இரண்டாக அச்சாகியிருக்கிறது. சேர்த்து எழுதினால் படிவம் ஏற்கவில்லை. உடைத்து எழுதினால் ஏற்றுக்கொண்டது.

ஜனவரி 8

2022.

2024-ல் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு 2022-ன் வரிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். வரித் துறையிடமிருந்து நேராக எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கிறது படிவம். சம்மதிக்காவிட்டால் மத்திய அரசு உதவி கிடையாது, அப்புறம் எதற்குக் கேட்பது? இவர் ஒரு நிமிடம் விரலை வைத்தபடியே இருந்துவிட்டு அழுத்தினார்.

2022 போனஸ் வந்த வருடம். நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு நாலு பேரும் ஊருக்குப் போய் வந்த வருடம். இப்போது வேலையின்மைத் தொகை வாரம் 450 டாலர். கலிஃபோர்னியாவில் உச்சவரம்பே அதுதான். அதுவும் 26 வாரம். டேகேரில் எனக்குக் கூடுதல் மணி நேரம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஜனவரி 10

வீடு.

முதலீடுகளின் இன்றைய நிகர மதிப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி. குடியிருக்கும் வீடு சேராது, ஓய்வூதியச் சேமிப்பு சேராது. குடியிராத வேறு வீடு, நிலம் எந்த நாட்டில் இருந்தாலும் சேரும். நாங்கள் இங்கே வாடகை வீட்டில் இருக்கிறோம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் மாமனார் கட்டிய வீடு இருக்கிறது. அத்தை இருக்கிறார், மூத்தார் குடும்பம் இருக்கிறது. பட்டா இன்னும் மாமனார் பேரில்தான். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கியதோடு நிற்கிறது. சட்டப்படி அத்தை, மூத்தார், இவர், நாத்தனார் நாலு பேருக்கும் சமபங்கு.

"அது நம்ம வீடா?" என்று இவர் கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நம்முடையது இல்லை என்று எழுதினால் எனக்குச் சமாதானமாக இருக்காது. பொய் எழுதிவிட்டு நாலு வருடம் தபால்பெட்டியைப் பார்த்துப் பயப்பட முடியாது. நம்முடையது என்று எழுதினால் விலை போட வேண்டும். பதிவுத் துறையின் ரெஜினெட் தளத்தில் தெருப் பெயரைப் போட்டால் வழிகாட்டி மதிப்பு வரும், ஆனால் அந்த விலைக்கு அந்தத் தெருவில் யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. படிவம் கேட்பது இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று. அதை ஊரில் யாரிடமாவது கேட்டால்தான் தெரியும். யாரிடம் கேட்டாலும் மறுநாள் மூத்தார் காதுக்குப் போய்விடும். அதற்கு அவரிடமே கேட்டுவிடுவது மேல்.

மாமனார் போன பிறகு இந்த ஆறு வருடத்தில் அந்த வீட்டின் விலை என்ன என்று எங்கள் வாயில் வந்ததே இல்லை. பெரிய மனதால் அல்ல. பேசினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 11

ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டோம், அங்கே காலை ஒன்பதரை. இவர் காலேஜ், படிவம், உதவித்தொகை எல்லாம் சொல்லி முடித்தார். மூத்தார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரிடா. விலை எதுக்குன்னு மட்டும் புரியல" என்றார்.

ஜனவரி 12

ஓரகத்தி தினமும் அனுப்புகிற காலை வணக்கம் இன்று வரவில்லை.

ஜனவரி 14

மூத்தாரிடமிருந்து ஒரே வரி: "தரகர் 80 சொல்கிறார்." 80 லட்சம். நாலில் ஒரு பங்கு 20 லட்சம், இன்றைய மாற்று விலைக்கு 24 ஆயிரம் டாலர். எழுதிவிட்டோம். அனுப்பியும் விட்டோம். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைப் படிப்புக்குக் கொடுப்பார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வார்களாம். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 1,350 டாலர். இந்த 1,350 டாலருக்காகத்தான் ஓரகத்தி எனக்கு வணக்கம் சொல்லாமல் இருக்கிறார்.

பொங்கல் நாளை. வீட்டில் வெல்லம் இல்லை.

ஜனவரி 31

கல்லூரிகளுக்கு நம் விவரம் போய்ச் சேர மார்ச் ஆகுமாம். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதைத் திருத்துகிறார்களாம். திருத்தினால் நமக்கு நல்லதுதான் என்று இவர் தேற்றுகிறார். எனக்கென்னவோ இவர் தன்னையே தேற்றிக்கொள்வதுபோல் இருந்தது.

பிப்ரவரி 9

தனியார் கல்லூரி ஒன்றுக்கு மட்டும் இன்னொரு படிவம், சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல். உதவி கேட்கிற படிவத்துக்கே 25 டாலர் கட்டணம். வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் கட்டணம் இல்லையாம். எந்த வருட வருமானம்? 2022.

இது ஓய்வூதியச் சேமிப்பையும் விடாமல் கேட்கிறது. பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் போடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நமக்கு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்று அவனுக்கு இதுவரை தெரியாது. "ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அந்த 25 டாலரைக் கட்டவேண்டாம் என்றுதான் நினைத்தேன், கட்டிவிட்டோம்.

மார்ச் 2

கலிஃபோர்னியா மாநிலம் தருகிற உதவித்தொகையான கால் கிராண்ட்டுக்கு இன்றோடு கடைசியாக இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் 2-க்குத் தள்ளிவிட்டார்கள்.

மார்ச் 17

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.சி.) மெர்செட், ரிவர்சைட், டேவிஸ் மூன்றிலும் இடம் கிடைத்துவிட்டது. டேவிஸ்! அவன் அறையிலிருந்து கத்திய சத்தத்தில் சின்னவள் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். சேமியாப் பாயசம் வைத்தேன். இவர் இரண்டு கிண்ணம் குடித்தார். இவ்வளவு நாளுக்கு அப்புறம் வீட்டில் சத்தமாகச் சிரித்தோம்.

படுக்கப் போகும்போது இவர், "அங்க ஹாஸ்டல்ல இருந்து படிச்சா எல்லாம் சேத்து வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல" என்றார். தெரியாதா எனக்கு.

மார்ச் 23

படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெற்றோரோடு சேர்த்துக் கணக்கிடுகிற பிள்ளைகளில் சொத்து இருக்கிறது என்று எழுதியவர்களின் கணக்கு மட்டும் தப்பாகப் போய்விட்டதாம். சொத்து விவரம் முழுசாகச் சேராமல் கல்லூரிகளுக்குப் போய், குடும்பம் கொடுக்க வேண்டிய தொகை குறைவாகக் காட்டியிருக்கிறதாம். ஏறக்குறைய இரண்டு லட்சம் விண்ணப்பங்கள். மறுபடியும் கணக்குப் போடுவார்களாம்.

அதாவது வீட்டை எழுதாதவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அவர்கள் விவரம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழுவில் ஒருவர், "நான் இந்தியா ப்ராப்பர்ட்டி எதையும் போடலை, யார் வந்து பாக்கப்போறா" என்று எழுதியிருந்தார். எதிரில் ஒரு கட்டைவிரல். பதிலாக ஒரு பத்தி முழுக்கத் தட்டினேன். அனுப்பவில்லை.

இவரிடம் காட்டினேன். "நாம எழுதினது சரிதான்" என்றார். சரிதான் என்று எனக்கும் தெரியும். கோபம் அதில் இல்லை. விலை கேட்டு வாங்கிய மனஸ்தாபம் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கேட்டு வாங்கிய எண் இங்கே கணக்கிலேயே ஏறவில்லை. அதில்தான்.

மார்ச் 26

கால் கிராண்ட் மறுபடியும் தள்ளிப்போகிறது, மே 2. யு.சி. கல்லூரிகளும் மே 1-க்குப் பதில் மே 15 வரை பதில் சொல்ல அவகாசம் கொடுத்துவிட்டன. எல்லாம் தள்ளிப்போகலாம், 26 வாரம் மட்டும் தள்ளிப்போகாது.

ஏப்ரல் 5

தனியார் கல்லூரி இல்லை என்று சொல்லிவிட்டது. 25 டாலர்.

ஏப்ரல் 11

அத்தை கூப்பிட்டார். எல்லோரும் சௌக்கியமா, பையனுக்கு எந்த ஊரில் கிடைத்திருக்கிறது, குளிருமா என்றெல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, பணம் ரொம்ப முடையா இருக்கா? இவன் வேலை போன விஷயத்தை எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். மூத்தார் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். வேலையில் இருக்கிறவன் வீட்டுக்கு விலை கேட்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

இவர் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்.

ஏப்ரல் 19

புதுக் கணக்கு வந்துவிட்டது. எங்கள் எஸ்.ஏ.ஐ., அதாவது குடும்பம் தர வேண்டிய தொகை, 24 ஆயிரத்துச் சொச்சம். முன்னால் போனதைவிட மூவாயிரம் கூட. வீடும் வங்கியில் இருந்ததும் இப்போதுதான் சேர்ந்திருக்கின்றன. 24 ஆயிரம் டாலர் இந்தக் குடும்பம் இந்த வருடம் தரமுடியுமாம். 2022-ல் தந்திருப்போமோ என்னவோ.

மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. வேலை போனது, நோய், விவாகரத்து மாதிரி சூழ்நிலை மாறியிருந்தால், கல்லூரி உதவித்தொகை அலுவலகமே ஆதாரத்தைப் பார்த்து எண்ணை மாற்றலாம். சட்டமே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. கேட்டால்தான் பார்ப்பார்கள், தானாகச் செய்யமாட்டார்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மைத் தொகைக் கணக்கு, 2024-ல் எவ்வளவு வரும் என்று ஒரு மதிப்பீடு, ஒரு விளக்கக் கடிதம்.

ஏப்ரல் 21

விளக்கக் கடிதம். இவர் எழுதியது நாலு வரி, வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல் விறைப்பு. நான் எழுதியது இரண்டு பக்கம், மனுநீதிச் சோழனிடம் மணியடித்ததுபோல் ஒரே முறையீடு. பெரியவன் இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, அவங்களுக்கு நம்பர்தான் வேணும், ஃபீலிங்ஸ் வேண்டாம்" என்று ஒரு பக்கத்தில் முடித்தான். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிப்ரவரியில் பார்த்ததை மறக்கவே இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 22

அனுப்பினோம்.

மே 3

"மதிப்பாய்வில் உள்ளது."

மே 7

ஓலோனி கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெரியவன் பெயருக்கு வரவேற்புக் கடிதம். எங்களிடம் சொல்லாமலே போட்டிருக்கிறான். கேட்டேன். முதல் இரண்டு வருடம் முழுநேரம் படித்தால் கட்டணம் கட்டவேண்டாம், வீட்டிலிருந்தே போகலாம், மார்க் சரியாக வைத்திருந்தால் டேவிஸ் உட்பட ஆறு யு.சி.யில் ஒன்றுக்கு மூன்றாம் வருடம் மாறிக்கொள்ள உறுதியும் தருகிறார்கள் என்று ஒப்பித்தான். எல்லாம் உண்மைதான். அவனுடைய கணக்கு எங்கள் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது.

டேவிஸ் என்று கத்தியவன்தானே இவன்?

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 9

கடன் பக்கத்தையும் பார்த்தாயிற்று. முதல் வருடம் பிள்ளை பெயரில் 5,500 டாலர் வரை. மீதிக்குப் பெற்றோர் கடன், பேரண்ட் ப்ளஸ். இப்போதைய வட்டி 8.05 சதவீதம், கொடுக்கும்போதே 4.228 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பீரோவில் இருக்கிற என் நகையை வைத்தாலும் இதே கதைதான், என்ன, கையெழுத்து குறைவு.

சொல்லிவிட்டேன். இவர் ஒன்றுமே பேசவில்லை. சாப்பிட்ட பிறகு அவன் அறைக்குள் போனார். பேசுகிற சத்தம் கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

மே 12

இன்று அன்னையர் தினமாம். சின்னவள் தோசை சுட்டாள். வேலையின்மைத் தொகை இந்த வாரத்தோடு முடிகிறது. சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் இவருக்கு இரண்டாம் சுற்று நேர்காணல், வியாழக்கிழமை. 16-ந் தேதி. 15-க்கு மறுநாள்.

மே 14

"மதிப்பாய்வில் உள்ளது." அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். நாளைக்குள் முடியுமா என்று சொல்ல முடியாதாம். அப்புறம், இந்தியாவில் இருக்கிற சொத்தில் உங்கள் பங்குக்கு ஏதாவது ஆவணம் இருந்தால் அனுப்புங்கள் என்றாள். வாரிசுச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது என்றேன். மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள் என்றாள்.

அசல் மூத்தாரிடம் இருக்கிறது. இவர் செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்பணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்துவிடலாம், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். பெரியவன் வேண்டாம் என்கிறான். போன் அடிக்கிறது, ஊரிலிருந்துதான்.