இடத்தில் இருப்பதா, கருவியில் இருப்பதா

அந்தப் படத்தைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொன்னது நான்தான். 2016ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கட்டுரையை அனுப்ப இரண்டு நாட்களே இருந்தன. எங்கள் குழுவில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருந்த மாணவி, தன் மடிக்கணினியை என் மேசைமேல் வைத்து, செவ்வாய் நிலத்திலிருந்து வந்த ஒளியின் நிறமாலைக் கோடு ஒன்றைக் காட்டினார். 1.9 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு குழிவு, 2.1 மைக்ரானில் இன்னொரு குழிவு. இரண்டுமே நூற்றில் ஒரு பங்கு ஆழத்தைத் தாண்டாதவை. “சார், இது இடத்துல இருக்கறதா, கருவியில இருக்கறதா?” என்று கேட்டார். “எதுல இருந்தாலும் இந்தக் கட்டுரையில இருக்க வேண்டாம்மா” என்றேன். அவர் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனார். கட்டுரை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது, பிறகு ஏற்கவும் பட்டது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் எத்தனையோ முறை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்று தோன்றும் நாட்கள் உண்டு. ஐயத்திற்கு இடமுள்ள சான்றை அச்சுக்கு அனுப்பாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம், அதைத்தான் சொன்னேன். வேறு சில நாட்களில், அவர் என்னிடம் கேட்டது கட்டுரையைப் பற்றிய கேள்வியே அல்ல என்பது உறைக்கிறது. அவர் செவ்வாயைப் பற்றிக் கேட்டார். நான் கட்டுரையைப் பற்றிப் பதில் சொன்னேன்.

அந்த இரு குழிவுகளுக்கு அப்போது இருந்த மதிப்பைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. 1.9 மைக்ரானில் ஒளி உட்கவரப்படுமானால், கனிமத்திற்குள் நீர் மூலக்கூறு கட்டுண்டு கிடக்கிறது என்று பொருள். அதனோடு 2.1 மைக்ரானை ஒட்டியும் குழிவு விழுந்தால், அது குளோரினும் ஆக்சிஜனும் அடங்கிய பெர்குளோரேட் என்ற உப்பின் நீரேறிய வடிவமாக இருக்கலாம் என்று மனம் ஓடும். பெர்குளோரேட் கலந்த உப்புநீர், சாதாரண நீர் உறையும் வெப்பநிலைக்குப் பல பத்து டிகிரிகள் கீழேயும் உறையாமல் இருக்கக்கூடியது என்பதால், இன்றைய செவ்வாயிலும் எங்கேனும் ஈரம் இருக்கலாம் என்ற நம்பிக்கை அந்த உப்பின்மேல்தான் நின்றது. செங்குத்தான சரிவுகளில் வெப்பமான பருவத்தில் நீண்டு, குளிரில் மங்கி மறையும் கருங்கோடுகள் 2011இல் அறிவிக்கப்பட்டிருந்தன. அவற்றில் நீரேறிய பெர்குளோரேட்டின் தடயம் கிடைத்ததாக லுஜேந்திர ஓஜா குழுவினர் 2015 செப்டம்பரில் வெளியிட்டபோது, உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் செவ்வாயில் நீர் ஓடுகிறது என்றே எழுதின. அந்தச் செய்தியின் சூடு ஆறாத காலத்தில்தான், தெற்கு மேட்டுநிலத்தின் ஒரு கிண்ணக்குழியில் பழங்காலக் களிமண் கனிமங்களைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, தேடாத அந்த உப்பின் கையொப்பம் கிடைத்தது.

நான் தயங்கியதற்குத் தொழில்முறைக் காரணங்கள் இருந்தன. இருந்தன என்றுதான் இன்றும் நம்புகிறேன். நாங்கள் பயன்படுத்தியது செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் மார்ஸ் ரெக்கனசன்ஸ் சுற்றுக்கலனில் இருந்த கிரிஸம் நிறமாலைமானியின் தரவு. ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 18 மீட்டர் நிலத்தைக் குறிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் 544 அலைநீளங்களில் ஒளி அளக்கப்பட்டிருக்கும். அந்த ஒளி செவ்வாயின் கரியமில வாயுவை இருமுறை கடந்து வருவது. அந்த வாயுவோ சரியாக 2 மைக்ரானை ஒட்டித்தான் ஒளியை மிகுதியாக விழுங்குகிறது. அதை நீக்குவதற்கு, செவ்வாயில் உள்ள ஒலிம்பஸ் மலையின் அடிவாரத்திலும் உச்சியிலும் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டு, வாயுவின் பங்கைக் கணக்கிட்டு வகுத்துவிடுவோம். அதன்பின், கனிமம் எதுவும் துலங்காத புழுதிப் பகுதி ஒன்றைப் படத்தின் அதே நிரலில் தேர்ந்தெடுத்து, அதனாலும் வகுப்போம். இப்படி இரண்டு முறை வகுத்து மிஞ்சும் கோட்டில், 1.9க்கும் 2.1க்கும் இடையே தெரியும் எதையும் முதலில் சந்தேகப்படுவதே முறை. எந்தப் புழுதியால் வகுக்கிறோம் என்பதை மாற்றினாலே குழிவின் ஆழம் மாறிவிடும். இதையெல்லாம் அன்று அவரிடம் விளக்கியிருந்தால் என் மனம் இன்று இவ்வளவு குடையாது. நான் விளக்கவில்லை. பதிலை மட்டும் சொன்னேன்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. நினைவில் பின்னால் தள்ளி வைத்திருந்ததை இப்போது முன்னால் கொண்டு வருகிறேன். குழிவு தெரியும் புள்ளிகளை அவர் வரைபடத்தில் சிவப்பாகக் குறித்திருந்தார். “எல்லாமே நிழல் முடியற ஓரத்துலதான் வருது சார்” என்றார். கிண்ணக்குழியின் சுவர் நிழலும் வெயில் விழும் சரிவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி, மூன்று சிறு தொகுப்புகளாக அந்தச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. உப்பு நிழலோரத்தில் தங்குவதற்கும் காரணம் கற்பிக்கலாம். வெளிச்சம் திடீரென மாறும் இடத்தில் கருவி தடுமாறுகிறது என்றும் கருதலாம். அந்த வாக்கியத்தை நான் கேட்டேன், அதன் எடை எனக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும், இரண்டு நாளில் முடிக்க முடியாத வேலை ஒன்று அதற்குள் இருக்கிறது என்று உணர்ந்து தள்ளிவிட்டேனா? இந்த இடத்தில் என் நினைவை நான் நம்பத் தயங்குகிறேன்.

2017இல் அந்தக் கருங்கோடுகளைப் பற்றிய எண்ணம் மாறத் தொடங்கியது. உலர்ந்த மணல் சரிவதற்குத் தேவையான அளவு செங்குத்தான இடங்களில்தான் அவை காணப்படுகின்றன, சாய்வு குறையும் இடத்தில் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். நீர் ஓடியிருந்தால் சாய்வு குறைந்த பிறகும் சற்றே வழிந்திருக்கும். 2018இல் எல்லன் லீஸ்க்கும் பெத்தனி எல்மனும் பிறரும் எழுதிய கட்டுரை வந்தது. கிரிஸம் தரவில் இரைச்சலை நீக்கப் பயன்படும் வழக்கமான வடிகட்டல், சில புள்ளிகளில் 1.9லும் 2.1லும் குழிவுகளைத் தானே உண்டாக்கிவிடுகிறது, பெர்குளோரேட்டின் கோட்டை அது அப்படியே ஒத்திருக்கிறது, வெளிச்சமும் இருளும் அடுத்தடுத்து வரும் எல்லைகளில் அது அதிகம் நேர்கிறது என்று அவர்கள் நிறுவியிருந்தார்கள். முன்பு அறிவிக்கப்பட்ட கண்டறிதல்கள் சிலவற்றையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

அந்தக் கட்டுரையின் இணைப்பை எனக்கு முதலில் அனுப்பியவர் அதே மாணவிதான். அதற்குள் அவர் எங்கள் குழுவை விட்டு, புவியின் மண் ஈரத்தை அளக்கும் செயற்கைக்கோள் தரவு ஆய்வுக்கு மாறியிருந்தார். இணைப்புக்குக் கீழே “பார்த்தீங்களா சார்” என்று மட்டும் எழுதியிருந்தார். நான் படித்து முடித்த மகிழ்ச்சியில், “நல்லவேளை, நாம் அதை வெளியிடவில்லை” என்று பதில் அனுப்பினேன். அதற்கு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் வாக்கியத்தைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. என் மொழியில் ‘நாம்’ என்ற சொல் கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல். வெளியிட வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்; அந்த முடிவின் பெருமையில் மட்டும் அவரைப் பங்காளியாக்கினேன். அதைவிட, அவர் இணைப்பை அனுப்பியது நாங்கள் தப்பித்துக்கொண்டதைக் கொண்டாடுவதற்காகவா? அந்தக் கட்டுரை விடை சொன்ன கேள்வி, வேறு சொற்களில், அவர் என் மேசை முன் நின்று கேட்ட கேள்விதான். நிழலோரம் என்பது வரைக்கும் அவர் வந்திருந்தார். வடிகட்டாத மூலத் தரவை எடுத்துப் பார்க்க அவருக்கு ஓரிரு மாதம் கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போடக்கூடாது. அமெரிக்காவின் கல்டெக் பல்கலைக்கழகத்தில் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் செய்தது பெரிய வேலை, ஏராளமான படங்களை ஒப்பிட்டுச் செய்தது. ஆனாலும் நுனி எங்கள் கையில் இருந்தது. என் முடிவு சரியாக அமைந்தது உண்மை. அது சரியாக அமைந்த காரணம், நான் அந்த முடிவை எடுத்த காரணம் அல்ல.

எச்சரிக்கையே நல்லது என்று நான் என்னைத் தேற்றிக்கொள்ளும்போதெல்லாம் வைக்கிங் கலங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. 1976இல் தரையிறங்கிய அந்த இரு கலங்களும் செவ்வாய் மண்ணைச் சூடாக்கி, கிளம்பிய ஆவியில் கரிமச் சேர்மங்களைத் தேடின. கிடைத்தவை குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும்தான். கருவியைக் கழுவப் பூமியில் பயன்படுத்திய கரைப்பான்களின் எச்சம் என்று அவற்றை ஒதுக்கினார்கள். செவ்வாய் மண்ணில் கரிமப் பொருளே இல்லை என்ற கருத்து அதன்பின் நெடுங்காலம் நிலைத்தது. 2008இல் ஃபீனிக்ஸ் தரையிறங்கு கலம் மண்ணிலேயே பெர்குளோரேட்டைக் கண்டுபிடித்தது. 2010இல் நவாரோ கொன்சாலெஸ் குழுவினர் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிய போது, அதே குளோரின் சேர்மங்கள் வெளிவந்தன. மண்ணில் இருந்த கரிமப் பொருளை உப்பு எரித்து உருமாற்றியிருக்கலாம் என்றார்கள். அதாவது ‘கருவியில் இருக்கிறது’ என்று தள்ளப்பட்டது, இடத்தில் இருந்ததாகவே இருக்கக்கூடும். அதே உப்புதான். ஒருமுறை அது உண்மையாகவே மண்ணில் இருந்து, கருவியின் அழுக்கு என்ற முடிவுக்கு மக்களைக் கொண்டு சென்றது. இன்னொரு முறை கருவியின் வேலையால் தோன்றி, மண்ணில் இருப்பதாக நம்ப வைத்தது. என் தயக்கம் இந்த இரண்டாவது கதைக்குப் பொருந்திப் போனது, அவ்வளவே. முதல் கதையில் அகப்பட்டிருந்தால், இதே வாக்கியத்திற்காக நான் இன்று வேறுவிதமாக வருந்திக்கொண்டிருப்பேன்.

கியூரியாசிட்டி ஊர்தியில் நடந்ததை நினைத்தால் இன்னும் கடினமாக இருக்கிறது. அதன் ஆய்வுப் பெட்டிக்குள் இருந்த ஒரு வேதிப்பொருள் கசிந்து, அளவீடுகளில் கலந்துவிட்டது. கருவியில் அழுக்கு இருப்பது உறுதியாகத் தெரிந்தது. அதனால் அந்தக் குழு மூட்டை கட்டிவிடவில்லை. கசிவு என்னென்ன சேர்மங்களைத் தரும், எவ்வளவு தரும் என்று வெற்றுக் கிண்ணங்களையும் சூடாக்கிப் பார்த்து, பொறுமையாகக் கழித்துக்கொண்டே போய், கேல் கிண்ணக்குழியின் பழைய ஏரிப்படுகைச் சேற்றுப்பாறையில் துளையிட்டு எடுத்த தூளிலிருந்து வந்த குளோரோபென்சீன் என்ற கரிமச் சேர்மம் செவ்வாய்க்கே உரியது என்று 2015இல் அறிவித்தார்கள். இடத்திலா கருவியிலா என்ற கேள்விக்கு, இரண்டிலும் என்றும் விடை இருக்க முடியும். அதைப் பிரித்தெடுக்க உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை.

இங்கே என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்தியின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். எங்கள் குழுவில் நாங்கள் நான்கு பேர். மாணவியின் உதவித்தொகையை நீட்டிக்க, அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியாக வேண்டியிருந்தது. களிமண் கனிமங்களைப் பற்றிய எங்கள் பகுதி உறுதியானது, 2.3 மைக்ரானில் ஆழமாகவும், நிழலுக்கு வெகுதூரத்திலும் கிடைத்தது. ஐயமான ஒரு படம் அந்த உறுதியையும் கீழே இழுத்திருக்கும். இவை பொய்யான காரணங்கள் அல்ல. இவற்றில் ஒன்றையும் நான் அன்று அவரிடம் சொல்லவில்லை என்பதும் பொய்யல்ல.

2018 கட்டுரையைப் படித்த சில வாரங்களில், யாரிடமும் சொல்லாமல் பழைய கோப்பைத் திறந்து, வடிகட்டாத தரவிலிருந்து அந்த மூன்று தொகுப்புகளையும் மீண்டும் கணக்கிட்டேன். முதல் இரண்டில் குழிவுகள் கரைந்து போயின. மூன்றாவதில் கரையவில்லை, இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. இரைச்சலின் ஏற்ற இறக்கமே குழிவின் ஆழத்திற்குச் சமமாக இருந்தது. வேறு புழுதிப் பகுதிகளால் வகுத்துப் பார்த்தேன். சிலவற்றில் குழிவு எழுந்தது, சிலவற்றில் அமிழ்ந்தது. அதே இடத்தை அதே கருவியால் மறுமுறை பார்க்கவும் வழியில்லை. கிரிஸத்தின் குளிரூட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, இந்த அலைநீளங்களைப் பார்க்கும் திறனை அது இழந்திருந்தது. 2023இல் அதை நிறுத்தியே விட்டார்கள்.

ஜெசரோ கிண்ணக்குழியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024இல் கண்ட புள்ளிகள் நிறைந்த பாறையைப் பற்றிய ஆய்வு 2025 செப்டம்பரில் வந்தபோது, எங்கள் இளையவர்கள் அதை மேசையைச் சுற்றி நின்று படித்தார்கள். இரும்பின் பாஸ்பேட்டும் சல்பைடும், அவற்றோடு கரிமப் பொருளும்; பூமியில் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் சுவடுகளைப் போன்றவை, ஆனால் உயிர் இல்லாத வேதிவினையும் தரக்கூடியவை. ‘உயிர்ச்சுவடாக இருக்க வாய்ப்புள்ளது’ என்ற அளவோடு ஆசிரியர்கள் நிறுத்தியிருந்தார்கள். முடிவு தெரியாத ஒன்றை, தெரியாத நிலையிலேயே, எந்தெந்தக் கதவுகள் இன்னும் திறந்திருக்கின்றன என்று எண்ணிக் காட்டி வெளியிட முடியும் என்பதற்கு என் கண் முன் இருந்த சான்று அது. எங்கள் குழிவுகளையும் அப்படி ஒரு பத்தியில், நிழலோரம் என்ற குறிப்போடு, எழுதியிருக்கலாமே என்று தோன்றியது. மறுகணமே, 2016இல் அப்படி எழுதியிருந்தால் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் படித்திருப்பார்கள், எத்தனை பேர் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றும் தோன்றியது. இந்த இரண்டில் எது சரி என்று எனக்குள் இன்னும் தீரவில்லை.

மூன்றாவது தொகுப்பின் வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மாணவிக்கு அதை அனுப்ப வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. அவர் இப்போது வேறு வேலையில் நன்றாக இருக்கிறார். அவர் ஆய்வு செய்யும் மண்ணின் ஈரத்தை, மண்வெட்டியோடு ஒருவர் போய்த் தோண்டிப் பார்த்துச் சரிபார்க்க முடியும். தீராத கேள்வியை அவரிடம் திருப்பிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் நியாயமா, என் பாரத்தை இறக்கிவைப்பதா என்று தெரியாமல், அந்தத் தாளை அன்று நீக்கிய படத்தின் அச்சுப்பிரதியோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். அதில் அவர் சிவப்பாகக் குறித்த புள்ளிகள் நிழலின் ஓரத்தில் அப்படியே இருக்கின்றன.