போதும்பொண்ணு படை: சில நாட்கள்

ஜனவரி 17
தம்பி இருக்கும் மருத்துவமனை அறைக்குள் புத்தகத்தை விடவில்லை. பழைய காகிதத்தில் பூஞ்சை இருக்கும், அந்த அறைக்கு ஆகாது என்று சொல்லி நர்ஸ் இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். டோக்கியோவின் பழைய புத்தகக் கடைப் பகுதியான ஜிம்போச்சோவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. திரும்பும் வழியில் ரயில் அரகவா ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 18
இனி இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் நான் படிப்பேன், அவன் கேட்பான். தமிழில் சொல் என்கிறான். ஜப்பானியம் என்னைவிட அவனுக்குத்தான் நன்றாக வரும். இப்போது மண்டையில் ஏறவில்லையாம்.

ஜனவரி 20
தலைப்பிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. 'ஸ்ட்ரைக் விட்ச்சஸ்' என்ற ஜப்பானியக் கதை வரிசையின் கிளைக்கதை இது. 2006இல் வந்த முதல் தொகுதி. தலைப்பில் 'இரன்கோ' என்று ஒரு சொல். வேண்டாத பிள்ளை என்று பொருள். 'வேண்டாத பிள்ளைகளின் படை' என்றால் அரசு அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

தோமோகோ அனாபுகி கெட்டிக்கார மந்திரக்காரி. கார்ல்ஸ்லாண்டுக்கு, அதாவது அந்த உலகத்து ஜெர்மனிக்கு, அனுப்புவார்கள் என்று காத்திருக்கிறாள். தோழி தகேகோவுக்குத்தான் அந்த வாய்ப்பு. இவளுக்குக் கிடைத்தது சுவோமுஸ், பின்லாந்து. கவுஹவா தளத்தில் போய் இறங்கினால், ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட பெண்கள்: தரையிறங்கும்போதெல்லாம் எந்திரத்தை நொறுக்கும் கேத்தரின், வெடிமருந்தைக் கலந்து பார்க்கும் உர்சுலா, உத்தரவுக்குக் கட்டுப்படாத பியூர்லிங்.

பாட்டியின் தங்கை நினைவுக்கு வந்தார். நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்தவர். போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். "போதும்பொண்ணு படை" என்றேன். சிரித்தான். பதினோரு நாளில் முதல் சிரிப்பு.

ஜனவரி 21
தம்பியின் இரத்த வெள்ளணு எண்ணிக்கை 300.

ஜனவரி 22
200. படிக்கவில்லை.

ஜனவரி 25
அந்த உலகத்தில் இரண்டாம் உலகப்போர் கிடையாது. 1939இல் நியூராய் என்ற மர்ம எதிரி வருகிறது, நாடுகள் ஒன்றுசேர்கின்றன, மந்திரசக்தி உள்ள பெண்கள் கால்களில் எந்திரம் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள். நம் உலகத்தில் அதே ஆண்டு நவம்பர் 30இல் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கி மீது குண்டு போட்டவை சோவியத் விமானங்கள். 105 நாள் நடந்த போர் அது.

இந்தப் பெண்களுக்கு மூலமானவர்கள் நிஜ விமானிகள் என்றதும் அவன் ஒவ்வொருவராகக் கேட்டான். கேத்தரின் ஓஹேர்? சிகாகோ விமான நிலையத்துக்குப் பெயர் தந்தவர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். 1943 நவம்பரில் இரவில் பறக்கப்போனவர் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் மருந்துக் குழாய்க் கருவியின் சத்தம் மட்டும்.

ஜனவரி 26
இன்று யுட்டிலைனனைப் பற்றிச் சொன்னேன். பின்லாந்து விமானி. 94 விமானங்களை வீழ்த்தியவர். எதிரி விமானத்தின் குண்டு அவர் விமானத்தில் ஒருமுறைகூடப் படவில்லை. பட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் சொந்தப் படையின் தரைப் பீரங்கி. போர் முடிந்தும் நெடுநாள் வாழ்ந்து 1999இல் இறந்தார். மூலக்கதையில் அவர் ஐலா என்ற பெண். வரப்போவதை முன்கூட்டியே பார்த்து விலகிவிடுவாள். "ஒன்றுகூடவா?" என்று இரண்டு முறை கேட்டான்.

ஜனவரி 30
பியூர்லிங். ஐந்து நாளாக மனத்தை விட்டுப் போகவில்லை.

நிஜ ஜார்ஜ் பியூர்லிங் கனடாக்காரர். சொந்த நாட்டு விமானப்படை படிப்புப் போதாது என்று சேர்த்துக்கொள்ளவில்லை. பின்லாந்துக்காகப் போரிட விண்ணப்பித்தார், சேர்த்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். வயது குறைவு, பெற்றோர் அனுமதி வேண்டும். பெற்றோர் கொடுக்கவில்லை. பின்லாந்துப் போர் அவர் இல்லாமலே முடிந்தது. பிறகு பிரிட்டன் சேர்த்துக்கொண்டது, மால்ட்டாவில் பெரும்பெயர் பெற்றார்.

புத்தகத்தில் பியூர்லிங் பின்லாந்தில் இருக்கிறாள்! எலிசபெத்தாக, பனியில், சிகரெட்டுடன். அவருக்கு யாரும் தராத அனுமதியை அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒரு ஜப்பானிய எழுத்தாளர் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பக்கத்தை மறுபடி படி அக்கா" என்றான்.

பியூர்லிங் 1948இல் ரோமில் விமான விபத்தில் இறந்தார். வயது 26. தம்பிக்கு வருகிற ஆனியில் 26. இதை அவனிடம் சொல்லவே மாட்டேன்.

பிப்ரவரி 4
ஒன்றுகூடப் படவில்லை. ஒன்றுகூட.

பிப்ரவரி 8
700! அரிசிக்கஞ்சி முழுக் கிண்ணமும் சாப்பிட்டான்.

பிப்ரவரி 11
இன்று விடுமுறை. இதை எழுதிய யமாகுச்சி நொபோருவின் பிறந்தநாளும் இன்றுதான். 2013 ஏப்ரல் 4இல் புற்றுநோயில் இறந்தார், வயது 41. இந்தக் கிளைக்கதையில் அவர் எழுதியது மூன்று தொகுதிகள். அவருடைய இன்னொரு நீண்ட தொடரின் கடைசி இரண்டு தொகுதிகளை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து வேறொருவர் எழுத, 2016, 2017இல் வெளிவந்தன.

ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்தேன். இன்று அவனே சொல்கிறான்: "எனக்கு முன்பே தெரியும். நீ ஆசிரியர் பெயர் வரும் இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டுகிறாய்."

பிப்ரவரி 13
பியூர்லிங்கின் படத்தைப் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு, எழுத்தையும் அனுப்பு, நானே படிக்கிறேன் என்கிறான். ஜன்னல் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கிறேன். உள்ளங்கை அளவுப் புத்தகம், முதுகு விரிய மறுக்கிறது, கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துகளின் பக்கவாட்டில் உச்சரிப்பைச் சொல்லும் பொடி எழுத்துகள் மங்கினால் அவனால் படிக்க முடியாது. 58ஆம் பக்கத்தில் என் விரல் விழுந்துவிட்டது, அதை மறுபடி எடுக்க வேண்டும்.