லோ பானட் எல்லாம் வில்லிஸ் ஆகாது

"1942 மாடல், ஒரிஜினல் ஃபோர்டு ஜீப், ஆர்.சி. கரண்ட், வண்டி கல்லு மாதிரி இருக்கு." பழைய மிலிட்டரி ஜீப் விளம்பரங்களில் பாதி இந்த ரகம்தான். நேரில் போய்ப் பார்த்தால் பச்சை பெயின்ட், பானட்டில் வெள்ளை நட்சத்திரம், பின்னால் ஜெரிகேன் எல்லாம் கச்சிதமாக இருக்கும். பானட்டைத் தூக்கினால் உள்ளே மஹிந்திரா ஜீப்பில் வந்த பீஜோ டீசல் எஞ்சின். அப்படி ஒரு வண்டி வாங்குவதில் தப்பே இல்லை, அதற்குத் தகுந்த விலை கொடுத்தால். மஹிந்திராவை வில்லிஸ் விலைக்கு வாங்குவதுதான் தப்பு.

குழப்பம் எங்கிருந்து வருகிறது? 1941 முதல் 1945 வரை அமெரிக்க ராணுவத்துக்காக ஒரே டிசைனில் இரண்டு கம்பெனிகள் ஜீப் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., சுமார் 3,60,000 வண்டிகள். ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ., சுமார் 2,78,000. இதன் பாகத்தை அதில் மாட்டலாம் என்பதே ராணுவத்தின் நிபந்தனை. அதனால் போர்க்களத்திலேயே கலப்படம் தொடங்கிவிட்டது. போர் முடிந்ததும் இந்தியாவிலேயே கழித்துவிட்ட ஜீப்புகள் ஏராளம். 1945-இல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி 1947-இலிருந்து வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி பாடி (சி.ஜே. என்றால் சிவிலியன் ஜீப்) பல பத்தாண்டுகள் ஓடியது. இத்தனை தலைமுறை உதிரிபாகமும் ஒரே சந்தையில் புழங்குகிறது. ஹரியானாவின் டப்வாலி போன்ற ஊர்களில் புதுத் தகட்டிலேயே பழைய பாணி பாடி அடித்துத் தருகிறார்கள். வேலை சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

முதலில் டேப் எடுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அளக்கவும். இடதும் வலதும் ஒரு விரற்கடை வித்தியாசப்பட்டால் சேஸ் வளைந்திருக்கிறது, அல்லது நீளச் சேஸை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வெல்டிங் தையல் பொதுவாக பாடிக்கு நேர் கீழே, கண்ணில் படாத இடத்தில் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து முகம். போர்க்கால ஜீப்பின் கிரில்லில் 9 துளைகள், சிவிலியன் சி.ஜே.வில் 7. (எம்.பி.யின் முதல் 25,000 சொச்சம் வண்டிகளில் மட்டும் கம்பிகளை வெல்டு செய்த கிரில். அது கிடைத்தால் தனிக் கதை.) போர்க்கால வண்டியில் ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் உள்ளடங்கி இருக்கும். விங் நட்டைக் கழற்றி லைட்டை அப்படியே பின்பக்கம் திருப்பினால் எஞ்சின் மேல் வெளிச்சம் விழும், இருட்டில் ரிப்பேர் பார்க்க. சி.ஜே.வில் லைட் பெரியது, வெளியே துருத்தி நிற்கும். போர்க்கால ஜீப்பில் பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்னால் தொங்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் டிரைவர் சீட்டுக்கு அடியில், சி.ஜே.வில் பாடிக்கு வெளியே. முன் கண்ணாடி இரண்டு துண்டு. சி.ஜே. 3ஏ, 3பி என்றால் ஒரே துண்டு.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்கவும். போர்க்கால ஜீப் அத்தனையும் இடப்பக்க ஸ்டீயரிங். வலப்பக்கம் இருந்தால் பிற்பாடு மாற்றியது. இந்தியாவில் அது சகஜம், குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "ஃபேக்டரியிலிருந்தே ரைட் ஹேண்ட்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு ஒரே பார்வை போதும். எம்.பி.யில் இருப்பது எல்-134, 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். வால்வு எல்லாம் பிளாக்கில். ஹெட் என்பது தட்டையான இரும்புப் பலகை, மேலே வரிசையாக நாலு ஸ்பார்க் பிளக். அதற்கு மேல் ராக்கர் கவர் இருந்தால் அது எஃப்-134, சி.ஜே. 3பி எஞ்சின். அந்த எஞ்சின் உயரம் கூடியதால்தான் 3பி-க்கு 'ஹை பானட்' வந்தது. பழைய, தாழ்ந்த லோ பானட்டுக்குள் அது அப்படியே உட்காராது. ஏர் கிளீனரையோ கார்பரேட்டரையோ ஏதாவது செய்திருப்பார்கள்.

இப்போது நம்பர். விலையை முடிவு செய்வது இதுதான். எம்.பி.யில் சேஸ் நம்பர் ஒரு சிறு தகட்டில், இடது முன் சேஸ் நுனியின் உட்பக்கம், பம்பருக்குப் பின்னால் ரிவெட் அடித்திருக்கும். ரிவெட் என்பதால் பல வண்டிகளில் தகடு எப்போதோ போய்விட்டது. ஜி.பி.டபிள்யூ.வில் இடது சேஸ் ரெயிலின் மேல்முகத்திலேயே பஞ்ச் செய்திருக்கும். எஞ்சின் நம்பரையே ஃபோர்டு சேஸிலும் அடித்தது. எனவே பழைய எஞ்சினே இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். எம்.பி.யில் இரண்டும் வெவ்வேறுதான், பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம். எஞ்சின் நம்பர் பிளாக்கின் முன் வலப்பக்கம், ஆயில் ஃபில்டர் அருகே தட்டையான மேட்டில் இருக்கும்.

தகடு இல்லாவிட்டாலும் சேஸ் யாருடையது என்று சொல்லிவிடலாம். ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து கையை விட்டுத் தடவுங்கள். முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' மாதிரி சதுரமாக இருந்தால் ஃபோர்டு. பாடி, எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் மாறியிருக்கலாம், இந்தச் சட்டத்தை யாரும் மெனக்கெட்டு மாற்றுவதில்லை. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலை வரைக்கும், 'எஃப்' எழுத்து போட்டது. ஆனால் எஃப் போல்ட் இப்போது புதிதாகவே விற்கிறது. போல்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பஞ்ச் நம்பரைப் பார்க்க பெயின்ட் ரிமூவர் தடவி, பொடி எமரியால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் இருக்கும் நம்பரும் போய்விடும். எண்களைச் சுற்றி இரும்பு குழிந்திருந்தால், எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாவிட்டால், சுற்றிலும் வெல்டு தடம் சதுரமாகத் தெரிந்தால், அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். நம்பர் நன்றாக இருந்தால் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடவும். ஒரு '1' குறைந்தாலும் பெயர் மாற்றத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

பேப்பரில் இன்னும் சில விஷயம். ராணுவ டிப்போவிலிருந்து ஏலத்தில் வந்து, இதுவரை சிவில் நம்பர் எடுக்காத வண்டி என்றால் டிப்போ கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்று அசல் வேண்டும். நகலை வைத்துப் பதிவு நடக்காது. 50 வருடம் தாண்டிய, சேஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜாகப் பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிக்கு இந்த வழி கிடையாது. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமலிருந்தால் சாதாரணப் பதிவிலும் சிக்கல்தான்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. மிலிட்டரி ஜீப்பை மிலிட்டரி நிறத்தில் ரோட்டில் ஓட்டக் கூடாது என்பது சேகரிப்பவர்களுக்குக் கசப்பான வேடிக்கைதான். விற்பவர் முந்தின வாரம் புதுசாக அடித்த பச்சை பெயின்டுக்குச் சேர்த்துக் காசு கேட்டால், அதை மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

துருவுக்கு வருவோம். பாடியின் தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவச் சட்டங்கள் ஓடும். அதற்குள் ஃபேக்டரியிலேயே மரக்கட்டை செருகியிருக்கிறார்கள். மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ள, இரும்பு உள்ளிருந்து வெளியே அரிக்கும். மேலே பார்த்தால் தரை பளபளவென்று இருக்கும், கீழே ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளமாக உடையும். டிரைவர் சீட்டுக்கு அடியில் டேங்க் உட்காரும் குழி, பின் மூலை டூல் பாக்ஸ்களின் அடிப்பகுதி, இவையும் அதே கதி. பட்டி எங்கே பூசியிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் போதும், ஒரு மெல்லிய துணியில் சுற்றித் தடவுங்கள். சேஸில் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடங்களிலும், பின்னால் டிரெய்லர் கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டத்திலும் விரிசல் பார்க்கவும்.

எஞ்சினில் பயப்பட வேண்டியது பிளாக் விரிசலுக்குத்தான். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் பக்கமாக விரிசல் விடுவது இதன் பிறவிக் குணம். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் பாருங்கள். 100 பி.எஸ்.ஐ. சுற்றி வந்தால் நல்லது. அதைவிட முக்கியம், நாலும் 10-க்குள் ஒத்துப்போவது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் முதலில் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் விழுந்து, ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட்டைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள். டியூனிங் அளவுகள்: வால்வு இடைவெளி 0.014 அங்குலம், பாயின்ட் 0.020, பிளக் 0.030, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

ஓட்டிப் பார்க்கும்போது செகண்ட் கியரில் வேகம் எடுத்து, சட்டென்று ஆக்சிலரேட்டரை விடுங்கள். கியர் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் டி-84 கியர் பாக்ஸின் பழைய வியாதி. சின்க்ரோ தேய்மானம், பேரிங் ஆட்டம், சில சமயம் ஹவுசிங் போல்ட் லூஸ். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற விற்பனையாளரைக் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) இன்டர்மீடியட் ஷாஃப்ட் போர்க்கால வண்டியில் முக்கால் அங்குலம்தான், பின்னால் வந்தவற்றில் தடிமன் கூட்டினார்கள். மெலிந்த ஷாஃப்ட் தேய்ந்தால் ஊளைச் சத்தம் வரும். கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடுகிறதென்றால் இரண்டுக்கும் நடுவே ஆயில் நடமாடுகிறது என்று அர்த்தம். வெளியே ஒரு சொட்டுக் கசிவு தெரியாது, கியர் பாக்ஸ் மட்டும் காய்ந்துபோகும்.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்குப் பலரும் பாக்ஸைப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி முன் ஆக்ஸிலுக்கு மேலே நடுவில் இருந்து ஸ்டீயரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க் என்ற நெம்புகோல். ஒருவரை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு அதைக் கையால் பிடித்தால் பின்னும் பேரிங்கும் தேய்ந்திருப்பது விரலிலேயே தெரியும்.

சக்கரத்தில் இரண்டு ஆபத்து. இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடதுமரை. தெரியாமல் வழக்கம்போல் சுற்றி, இன்னும் இறுகி, பைப் போட்டு மிதித்து ஸ்டட்டை முறிப்பது பங்க்சர் கடைகளில் அடிக்கடி நடக்கும். இரண்டாவது, காம்பேட் ரிம். அது இரண்டு பாதியைப் போல்ட் போட்டு இணைத்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த உள்வட்டப் போல்ட்டைத் தொட்டால் ரிம் வெடித்து ஆளை அடிக்கும். வால்வு ஊசியையே கழற்றிக் காற்று முழுக்கப் போன பிறகுதான் ஸ்பேனர். டயர் கவலை வேண்டாம், 6.00-16 அளவு மஹிந்திரா ஜீப்புக்கும் அதுவேதான்.

கரண்ட் 6 வோல்ட். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓட வேண்டும், கேபிளும் அதற்கேற்பத் தடித்ததாக வேண்டும். எர்த் பட்டையையும் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டவும்.

துணைச் சாமான்களில் ஏமாற்று இன்னும் சுலபம். குளோவ் பாக்ஸ் மூடியில் இருக்கும் மூன்று தகடுகளும் புதிதாக அச்சடித்து விற்கப்படுகின்றன. தகட்டில் இருக்கும் டெலிவரி தேதியை வைத்து வண்டியின் வயதை முடிவு செய்யக் கூடாது. ஜெரிகேனில் அமெரிக்கப் போர்க்காலத்தது என்றால் '20-5-43' மாதிரி எண் அழுத்தியிருக்கும்: 20 கேஜ் தகடு, 5 காலன், 1943. பெட்ரோல் கேனுக்குச் சங்கிலி கோத்த திருகு மூடி. பிரிட்டிஷ் கேனில் 'டபிள்யூ.டி.' எழுத்தும் அம்புக்குறியும். வாங்கும் முன் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். வெளியே மணல் அடித்துப் பெயின்ட் போட்ட கேன் பல உள்ளே செம்மண்ணாக இருக்கும். காட்சிக்கு வைக்கலாம், பெட்ரோல் ஊற்றினால் கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

காசு செலவழிக்க ஒரே ஒரு சாமான் சொல்லுங்கள் என்றால், 1944-இல் வந்த டி.எம். 9-803 என்ற அமெரிக்க ராணுவக் கையேட்டின் மறு அச்சு. எஞ்சினைப் பிரிக்கப்போகிறீர்கள் என்றால் 9-1803ஏ, கியர் பாக்ஸ், ஆக்ஸிலுக்கு 9-1803பி. உதிரிபாக எண்ணுக்கு எஸ்.என்.எல். ஜி-503 பட்டியல். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது எம்.பி.க்கா, சி.ஜே.வுக்கா" என்று கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்பார். அந்தப் பட்டியலின் பக்கம் போனில் இருந்தால் படத்தோடு ஒப்பிட்டு, வெர்னியர் வைத்து அளந்து வாங்கிவிடலாம்.