ஃபீனால் சோதனைக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் மருந்து நெடி அடிக்க ஆரம்பித்தது. ஃபீனாலோ என்று சந்தேகம், கிருமிநாசினி போல நெடி வீசும் நச்சு வேதிப்பொருள் அது. 2020 செப்டம்பரில் ரவாங் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீரில்லாமல் தவித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீரைச் சோதிக்கக் குடியிருப்பாளர் சங்கத்தில் காசு பிரித்தோம்.

ஆய்வகத்துக்குப் போன் போட்டதற்கு, "தண்ணியக் கொண்டு வாங்கக்கா, போதும்" என்றார்கள். ஷா ஆலாம் வரை நெரிசலில் போய் நின்றால், கவுண்டரில் இருந்தவர் பிளாஸ்டிக் போத்தலை அப்படியே திருப்பித் தள்ளினார். கண்ணாடிப் போத்தல் வேண்டுமாம், பிஎச் 2-க்குக் கீழே வர சல்பூரிக் ஆசிட் விட்டிருக்க வேண்டுமாம், ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டுமாம். இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். ஆசிட் விட்ட போத்தலை அவர்களிடமே கேளுங்கள். எங்களுக்குக் கேட்ட பிறகுதான் தந்தார்கள்.

ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அடியில் இருந்த பொடி எழுத்து உறுத்தியது: டிடெக்‌ஷன் லிமிட் (சோதனையால் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு) லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் ஃபீனாலுக்கு ஸ்டாண்டர்ட் ஏ (குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடும் கழிவுக்கானது) வரம்பே 0.001 தான். அதைப் போல கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு இருந்தால்கூட இந்தச் சோதனையின் கண்ணில் படாது! கேட்டதற்கு, "ரிப்போர்ட் கொடுத்தாச்சுக்கா" என்று வைத்துவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

அப்புறம் வேறொரு ஆய்வகம். மற்ற அழுக்கிலிருந்து ஃபீனாலைப் பிரிக்கத் தண்ணீரைக் காய்ச்சி வடிப்பது சிக்கலில்லாமல் முடிந்தது. அங்கிருந்த தங்கச்சி என்னைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். வடித்த நீரில் 4-அமினோஆன்டிபைரினும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் விட்டால் ஃபீனால் இருக்கும் அளவுக்கு நிறம் வரும். கொஞ்சமாக இருந்தால் அந்த நிறம் அரை லிட்டரில் கரைந்து காணாமல் போகும். அதனால் பிரிபுனலில் குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்குகிறார்கள். மொத்த நிறமும் அந்தக் கொஞ்சம் குளோரோஃபார்முக்குள் இறங்கிவிடும். அடியில் மஞ்சளாகத் தேங்கியது எங்கள் கால்வாய். பக்கத்துப் புனலில், வெறும் சுத்த நீரில் செய்தது கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருந்தது. அந்த மஞ்சளை 460 நானோமீட்டர் ஒளியில் அளந்து கொடுத்த எண்ணோடுதான் சுற்றுச்சூழல் துறைக்குப் போனோம். புகார் எண் கையில் கிடைத்துவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்பே "குளோரோஃபார்ம் முறையா, நேரடி முறையா, லிமிட் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நேரடி முறை என்றால் குளோரோஃபார்ம் இல்லாமல் அப்படியே அளப்பது. குழாய்த் தண்ணீர் கொடுப்பதாக இருந்தால் அதில் குளோரின் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அது ஃபீனாலைத் தின்றுவிடும். பாரா-கிரெசால் போன்ற சில ஃபீனால்கள் இந்தச் சோதனையில் நிறமே காட்டாது. நெடி இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் ஜிசி-எம்எஸ் (ஒவ்வொரு வேதிப்பொருளையும் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காணும் சோதனை) கேளுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.