முன்பணம்

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட அந்தப் பெரியவர் கேட்டது நியாயமா இல்லையா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நான் சொன்ன பதில் சரிதான் என்று காலையில் தோன்றுகிறது. மாலையில் அப்படித் தோன்றுவதில்லை.

பெரியவர் என்கிறேனே தவிர, வயது ஐம்பதைத் தாண்டியிருக்காது. செங்கல் சூளை அப்படி ஆக்கியிருந்தது. கல் அறுத்து அறுத்துக் கட்டைவிரல் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வங்கியில் கைரேகைக் கருவி அவரை அடையாளம் காணாமல் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, தன் மீதுதான் தவறு என்பதுபோல மறுபடியும் வைப்பார்.

விடுதலைச் சான்றிதழ் அவர் கையில் இருந்தது. கோட்டாட்சியர் கையெழுத்திட்ட அந்தத் தாளை எங்கள் பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறை மாணவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, சூளைக்காரரிடம் அவர் பட்ட கடன் அன்றோடு செல்லாது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம் என்கிறது திட்டம். அந்தப் பணம் வந்தது. கூரைக்கும் அரிசிக்கும் பழைய கைமாற்றுகளுக்கும் போனது. ஆண் தொழிலாளிக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் இரண்டு லட்சம், கடத்தப்பட்டுக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு மூன்று லட்சம் என்று மறுவாழ்வுத் தொகை ஒன்றும் உண்டு. ஆனால் அதன் முழுத்தொகை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு எப்போது முடியும் என்று வழக்கறிஞரிடம் கேட்டால் வாய்தா தேதியைச் சொல்வார்.

மார்கழியில் வந்தார். மழை ஓய்ந்து, மேஸ்திரிகள் சூளைகளுக்கு ஆள் பிடிக்கும் நேரம் அது. அண்ணன் இறந்துவிட்டார், காரியச் செலவுக்கு இருபதாயிரம் வேண்டும் என்றார். எங்களிடம் ஒரு நிதி இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஆலயத்தில் சேரும் காணிக்கை. கல்வி, மருத்துவம், தொழில் பயிற்சி இவற்றுக்கு மட்டும், அதுவும் பணமாக அல்ல, பொருளாகவே தர வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னேன். அதே மதிப்புக்கு ஆடுகள் வாங்கித் தரலாம் என்றும் சொன்னேன்.

"ஆட்டை விற்றுக் காரியத்தைச் செய்துகொள்ளலாமா, சார்?"

ஓராண்டுக்கு விற்கக்கூடாது என்பதும் விதி. அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். பிறகுதான் அவர் அதைச் சொன்னார்.

"சும்மா வேண்டாம், சார். கடனாகக் கொடுங்கள். இந்தக் காம்பவுண்டுக்குள் கூட்டுகிற வேலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை, எது சொன்னாலும் செய்கிறேன். வாரா வாரம் கழித்துக்கொள்ளுங்கள்."

"அப்படிக் கழித்துக்கொள்கிற இடத்திலிருந்துதானே ஐயா உங்களை வெளியே கொண்டுவந்தோம்."

"இங்கே வேலை பார்க்கிறவர்கள் யாருக்கும் அட்வான்ஸ் கிடையாதா, சார்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கியிருந்த பண்டிகை முன்பணம் தவணை தவணையாக என் சம்பளத்தில் பிடிபட இருந்தது. கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அது வேறு" என்றேன்.

எப்படி வேறு? இதை வகுப்பில் நடத்துகிறவன் நான். முன்பணம் வாங்குவது குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, உரிய கூலியையோ ஒருவர் இழந்தால்தான் அது கொத்தடிமை முறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் சொல்லிவிட்டது. அப்படியானால் சட்டக்கூலி கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எழுதியும் கொடுத்து, பல்கலைக்கழகமே முன்பணம் தந்திருந்தால் ஒரு பிரிவும் மீறப்பட்டிருக்காது. இது எனக்கு அன்றும் தெரியும்.

தெரிந்தும் நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. எழுதிக் கொடுத்த தாளை அவர் படிக்க முடியாது. என்னிடம் பட்ட கடனோடு என் கண் முன்னால் கூட்டிக்கொண்டிருப்பவர், எந்தத் தைரியத்தில் வேலையை விட்டு நடுவில் நின்றுகொள்வார்? சூளைக்காரர்கூட முதல் நாளில் யாரையும் பூட்டி வைப்பதில்லை. நல்ல வார்த்தை பேசித்தான் பணம் தருகிறார். மீட்டுவந்தவர்களையே கடனுக்கு வேலை வாங்கும் நிறுவனம் என்ற பெயர் ஒரு முறை வந்தால், பிறகு எந்த அதிகாரியும் எங்கள் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார். இவையெல்லாம் வலுவான காரணங்கள்தான். ஆனால் இவற்றில் பாதியை அவர் எழுந்து போன பிறகுதான் யோசித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வளாகத்தைக் கூட்டுகிறவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் மையத்தின் பலகையில் "புலம்பெயர் தொழிலாளர் உதவி" என்று இருக்கிறது. அவர்கள் ஊரிலிருந்து புறப்படும்போது முன்பணம் வாங்கினார்களா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரி 8, புனித பக்கீத்தாவின் நாள். சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டுக் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டவர்; பின்னாளில் இத்தாலியில் துறவியானார். ஆள் கடத்தலுக்கு எதிரான ஜெப நாளாக 2015 முதல் கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கடைப்பிடிக்கிறது. சபை வேறானாலும் நாங்களும் ஓர் ஆராதனை நடத்துவோம். அந்த முறை குருவானவர் பைபிளின் உபாகமம் 15ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அடிமையை விடுதலை செய்து அனுப்பும்போது வெறுங்கையாக அனுப்பாதே, உன் மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் எடுத்துக் கொடு என்கிற பகுதி. மந்தை என்று வந்ததும் எனக்கு எங்கள் ஆடுகள் நினைவுக்கு வந்தன. விதிமுறைக் குழு வேதப்படிதான் நடந்திருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதல்கூட அடைந்தேன். ஆனால் அதே அதிகாரத்தில், சற்று முன்னால், இன்னொரு வசனம் இருக்கிறது. கடன்கள் தள்ளுபடியாகும் ஏழாம் வருடம் நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்து ஏழைக்குக் கடன் கொடுக்காமல் இருந்துவிடாதே என்கிறது அது. குருவானவர் அதை வாசிக்கவில்லை.

அதற்குள் பெரியவர் வேறொரு சூளைக்குப் போய்விட்டிருந்தார். கணவன் மனைவி இருவருக்குமாகச் சேர்த்து மேஸ்திரி நாற்பதாயிரம் கொடுத்ததாகக் களப்பணிக்குப் போன மாணவி சொன்னாள். போன் செய்தேன்.

"இந்த இடம் பரவாயில்லை, சார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு விடுகிறார்கள்."

"நடுவில் ஊருக்குப் போக வேண்டும் என்றால் விடுவார்களா?"

"கணக்கு முடிந்தால் விடுவார்கள், சார்." சற்றுப் பொறுத்து, "அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சீசன் முடியட்டும்" என்றார்.

'கணக்கு முடிந்தால்' என்ற ஒன்றே போதும், மனு எழுத. என் மாணவன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவனுக்கு மதிப்பெண் குறைத்திருப்பேன். அவரோ வேண்டாம் என்கிறார். கடனில் சிக்கியவரின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது பாடம். எங்கள் ஆடுகளை வாங்க மறுத்தபோது மட்டும் அவருடைய சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொண்டோமே என்ற கேள்விக்குப் பாடத்தில் இடமில்லை. துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனு எழுதி வைத்திருக்கிறோம். கொடுப்பதா வேண்டாமா என்பதில் அவருக்கும் எனக்கும் நாளுக்கு நாள் கட்சி மாறுகிறது.

இதற்கிடையே, விடுவிக்கப்பட்டவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு சுழல்நிதி வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். உழைப்பில் கழிப்பது கூடாது, ஈடு கூடாது, சாட்சிக் கையெழுத்து கூடாது. துறைத் தலைவர் படித்துவிட்டு, "திருப்பித் தராவிட்டால் வசூலிக்க யார் போவது? நீங்களா?" என்றார்.

"வராவிட்டால் போகட்டும், மேடம்."

"அப்படியானால் இதைக் கடன் என்று ஏன் எழுதியிருக்கிறீர்கள்?"

அவர் கடனாகத்தான் கேட்டார் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.