பிச்சாவரம் போனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் போங்கள்

சிதம்பரம் பக்கத்தில் இருக்கிற பிச்சாவரம் அலையாத்திக் காட்டை, அதாவது கடலோர உப்புத் தண்ணீரில் வளரும் காட்டைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரிதான் ஊர் வந்து சேர்ந்தேன், பேன்ட்டில் ஒட்டிய சேறு இன்னும் போகவில்லை. செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன், அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்கு டவுன் பஸ் உண்டு, பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவில் 400 ரூபாய் பேசி ஏறினேன். வழியில் கிள்ளை ஊரைத் தாண்டியதும் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு "600 கொடுத்தாதான் வருவேன்" என்றார். நடுரோட்டில் என்ன செய்வது, கொடுத்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. கூடக் கொடுத்த 200 ரூபாய் ஒருவர் வயிறாரச் சாப்பிடும் காசு. தயவுசெய்து பஸ்ஸிலேயே போங்கள்.

படகுக்கும் கணிசமாகத்தான் செலவாகிறது, ஆனால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம், துடுப்புப் படகே எடுங்கள். மோட்டார் படகு பெரிய வாய்க்காலோடு திரும்பிவிடும். அலையாத்திக் காட்டின் உயிரெல்லாம் குறுகலான வாய்க்கால்களில்தான் இருக்கிறது.

நான் போனது கடல் ஓதம் இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். "இப்ப என்ன தம்பி, தண்ணி நெறைய இருக்கும்போது வந்தா போட்டோ நல்லா வருமே" என்றார் படகுக்கார அண்ணன். நான் சொல்வேன், தண்ணீர் வற்றும் நேரம்தான் சரியான நேரம்! கரையோரம் சேறு வெளியே தெரிந்ததும் வெண்கண்டல் மரத்தைச் சுற்றி ஆணி அடித்து வைத்தது மாதிரி ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. அண்ணன் ஒரு இலையைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார், உப்பு! உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியேற்றுகிறது. சுரபுன்னை என்ற இன்னொரு மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடவிடவில்லை, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்தாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான்.

சேறு முழுக்க நண்டு வளைகள். உதிர்ந்த இலையை நண்டு இழுத்துப்போய்த் தின்கிறது, மிச்சம் மட்கி இறால் குஞ்சுக்கு இரையாகிறது, இறாலை மீனும் மீனைக் கொக்கும் பிடிக்கின்றன. வளை தோண்டுவதால் சேற்றுக்குள் தண்ணீரும் காற்றும் போகிறது, அது மறுபடி மரத்துக்கே நல்லது. இடுப்பளவு தண்ணீரில் இருளர் பழங்குடியினர் சிலர் வலையே இல்லாமல் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் பார்த்திருப்பேன், படகு நேரம் போகிறதே என்ற கவலைகூட மறந்துவிட்டது.

இந்தக் காடு ஒரு தடவை பாதி செத்துப் பிழைத்தது என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்துபோனது, பள்ளத்தில் ஏறிய கடல் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி வற்ற, உப்பு ஏறி எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டின. தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது, கன்றுகளும் பிடித்துக்கொண்டன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்ததையும் அண்ணன் சொன்னார்.

இவ்வளவு இருக்கிற இடத்தில் பக்கத்துப் படகில் ஸ்பீக்கரை அலறவிட்டு வந்தார்கள், மடையான் கொக்குக் கூட்டம் அப்படியே எழும்பிப் போனது. ஸ்பீக்கரைக் கரையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

சாப்பாடு: படகுத்துறையிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சின்ன வீட்டுக்கடை. சோறு, நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, 180 ரூபாய். காலையில் பிடித்த இறால் என்று அந்த அக்கா சொன்னார், இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன். திரும்பியது பஸ்ஸில். தங்குமிடம் பற்றி எழுத விட்டுப்போச்சு, கேட்டால் சொல்கிறேன்.