வெள்ளைத் துணி, வான்கோழி, பனி

நவம்பர் 24, 2024

அமெரிக்காவின் நவம்பர் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நெருங்கினால் அந்நாட்டு ஓவியர் நார்மன் ராக்வெல்லின் வான்கோழிப் படம் எங்கிருந்தாவது வந்துவிடும். மேசையைச் சுற்றி ஒரு குடும்பம், வான்கோழியைக் கொண்டுவந்து வைக்கும் பாட்டி: அந்த ‘ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்’ (வறுமையிலிருந்து விடுதலை) பண்டிகைக்காக வரைந்த படமே அல்ல. 1941 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேசிய நான்கு சுதந்திரங்களில் ஒன்றுக்கான, இரண்டாம் உலகப் போர்க்காலப் படம் அது. ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் வெளிவந்தது 1943 மார்ச் 6-ல். கூடவே வந்த கட்டுரை, பிலிப்பைன்ஸிலிருந்து பிழைக்க வந்து கூலி வேலை பார்த்த கார்லோஸ் புலோசான் எழுதியது. நான்கு சுதந்திரங்களுக்கும் அவர் வரைந்த நான்கு படங்களும் ஊர் ஊராகப் போய், போர்ச் செலவுக்கு அரசு கடன் திரட்டும் போர்ப் பத்திரங்களை 13 கோடி டாலருக்கு மேல் விற்க உதவின. மார்ச் மாதத்துப் படத்தை நவம்பருக்கு எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்த ரசிகர்கள்.

அந்தக் குடும்பம் ஒன்றாக உட்காரவும் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்லிங்டனில் அக்கம்பக்கத்தவரைத் தனித்தனியே நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, பிறகு ஒரே மேசையில் சேர்த்தார் ராக்வெல்.

நவம்பர் 26

இதை நகலெடுத்துப் பழக நினைப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது வெள்ளையில். மேசைத் துணி, தட்டு, திரைச்சீலை, பாட்டியின் ஏப்ரன் எல்லாம் வெள்ளை. டைட்டானியம் ஒயிட்டை டியூபிலிருந்து அப்படியே இழுத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் மிஞ்சும்.

வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பின்னாலிருந்து வருகிறது. ஆகவே நம் பக்கம் தொங்கும் துணியும் மடிப்புகளும் நிழலில் இருக்கின்றன. அவை வெள்ளையே இல்லை, சாம்பல். கேன்வாஸுக்கு முதலில் வெளிர் சாம்பல் பூசிக் காயவிடுங்கள். துணியின் நிழலுக்கு வெள்ளையோடு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் துளித்துளி. நீலம் கொஞ்சம் கூடினாலும் துணி ஈரமாகத் தெரியும். திரைச்சீலையில் ஒளி ஊடுருவுகிறது; அங்கே யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் கத்திமுனையளவு போதும். கலப்பில்லாத வெள்ளையைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, தட்டின் விளிம்புக்கும் கண்ணாடித் தம்ளரின் வாய்க்கும் மட்டும் வையுங்கள். தம்ளர் வரையும் வழி: பின்னால் இருப்பதை முழுக்க வரைந்து காயவிட்டு, மேலே இரண்டு மூன்று தொடல். தம்ளரையே வரைய உட்கார்ந்தால் கெட்டது.

சந்தேகம் வந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். துணியும் திரையும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரிந்தால் துணியை இன்னும் இருட்டாக்க வேண்டும்.

நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங்

போரில் தவித்த ஐரோப்பியர்களுக்கு இந்த மேசையின் செழிப்பு எரிச்சலூட்டியது என்பதை ராக்வெல்லே ஒப்புக்கொண்டார். ஆனால் வான்கோழியை எடுத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்: செலரித் தண்டு, கொஞ்சம் பழம், மூடிய பாத்திரம், குடிக்கத் தண்ணீர். ஒயின்கூட இல்லை. செழிப்பெல்லாம் அந்த ஒரு பறவைதான். அதை அவர் வீட்டுச் சமையற்காரர் சமைத்தார். வரைந்ததும் வீட்டார் சாப்பிட்டார்கள்.

நிறைந்த பழுப்பு நிறம் வான்கோழிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால் கண் அங்கேதான் ஓடுகிறது. நகலில் அதை ஒரே பூச்சில் முடித்தால் களிமண் பொம்மையாகும். மங்கிய பழுப்பில் உருவத்தைத் திரட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயில் நீர்த்த பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை மெல்லிய படலமாக ஓட்டுங்கள். அடிப்பூச்சு ஈரமாக இருந்தால் இரண்டும் குழம்பிவிடும்.

மேசையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாரும் பிரார்த்திக்கவில்லை. வலது கீழ் மூலையில் ஒருவர் மட்டும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். மேசையின் இந்தப் பக்க விளிம்பைப் படச்சட்டம் வெட்டிவிடுவதால் நாம் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். ஏக்கம் உண்டாகும் இடம் அதுதான். அச்சில் அந்த மூலையை நறுக்குகிறவர்களை என்ன சொல்வது!

டிசம்பர் 3

ராக்வெல்லுக்கு முந்தைய தேங்க்ஸ்கிவிங் படங்களின் பாணி தூரத்தில் நின்று பார்ப்பது. ஜார்ஜ் ஹென்றி டுரி வரைந்த ‘ஹோம் டு தேங்க்ஸ்கிவிங்’: பனி மூடிய பண்ணை வீடு, வாசலில் சின்னஞ்சிறு உருவங்களாக வரவேற்பு. டுரி இறந்தது 1863-ல். கரியர் அண்ட் ஐவ்ஸ் என்ற அச்சுப்பட நிறுவனம் அதைக் கல்லச்சாக (கல்லில் வரைந்து அச்சிடுவது) வெளியிட்டது 1867-ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு. அச்சில் விழுவது கோடும் நிழலும்தான், வண்ணம் கையால் தீட்டியது. அந்நிறுவனத்தின் சிறிய அச்சுகளுக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிறம் தீட்டி அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். ஒரே கல்லிலிருந்து வந்த இரண்டு பிரதிகளில் வானம் வேறாக இருப்பது இதனால்தான்.

டிசம்பர் 7

அமெரிக்க ஓவியர் டோரிஸ் லீயின் ‘தேங்க்ஸ்கிவிங்’, 1935, சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. விருந்தையே காட்டாத படம். சமையலறையில் மாவு தேய்ப்பவர், அடுப்பில் வான்கோழியைப் பார்ப்பவர், பூனை, குழந்தைகள். இதற்கு அந்தக் கலைக்கூடத்தின் லோகன் பரிசு கிடைத்ததும், பரிசைத் தந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜோசஃபின் லோகனே கொதித்துப்போய் நவீனக் கலைக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். வேலை செய்கிறவர்களைக் காட்டியதால் எனக்கு ராக்வெல்லைவிட இது பிடிக்கும்.

டிசம்பர் 15

கிராண்ட்மா மோசஸ் என்ற அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் (1860–1961) எழுபது தாண்டி ஓவியத்தை முழுமூச்சாக எடுத்தவர். மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்க முடியாமல், கம்பளி நூல் தையலை விட்டுத் தூரிகைக்கு வந்தார். 1938-ல் நியூயார்க் மாநிலத்து ஹூசிக் ஃபால்ஸ் ஊரின் மருந்துக் கடையில் இருந்த படங்களை ஒரு சேகரிப்பாளர் கண்டெடுத்தார்.

அவர் முறை தலைகீழ். முதலில் படச்சட்டம்; அதற்கேற்ப மேசனைட் என்ற மரநார்ப் பலகையை அறுப்பார். ஆளிவிதை எண்ணெய், மேலே மூன்று பூச்சு வெள்ளைப் பெயிண்ட். பிறகு மேலிருந்து கீழே: வானம், மலை, வீடுகள், மாடுகள், கடைசியில் மனிதர்கள். உருவங்கள் பல பத்திரிகைப் படங்களிலிருந்து எடுத்தவை. அதனால்தான் பனியில் அவர்களுக்கு நிழல் விழுவதில்லை. நகலெடுக்கும்போது “திருத்தி” நிழல் போட்டால் படம் செத்துவிடும். பனிக்கு மினுக்குத் தூள் தூவுவதும் அவர் வழக்கம். பெயிண்ட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே தூவ வேண்டும், காய்ந்தால் உதிரும். மேசனைட்டின் பின்புறத்துக்கும் விளிம்புக்கும் பூச்சு கொடுக்காவிட்டால் ஈரம் ஏறி வளையும்.

டிசம்பர் 21

1948 டிசம்பர் 25 ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு ராக்வெல் வரைந்த அட்டைப்படம், ‘கிறிஸ்மஸ் ஹோம்கமிங்’. வீடு திரும்பும் மகனின் முதுகு மட்டும் தெரிகிறது. முகத்தை வரையாததால் அவன் யார் வீட்டுப் பிள்ளையும் ஆகலாம். நிஜத்தில் அது ராக்வெல்லின் மூத்த மகன் ஜார்விஸ், கட்டியணைப்பவர் தாய் மேரி. கூட்டத்தில் புகைக்குழாயோடு ராக்வெல்லும், ஓரமாக கிராண்ட்மா மோசஸும் நிற்கிறார்கள். ராக்வெல்லின் ஆர்லிங்டனிலிருந்து மாநில எல்லையைத் தாண்டினால் மோசஸின் ஊரான ஈகிள் பிரிட்ஜ். பாட்டிக்கும் இவருக்கும் நல்ல பழக்கம்.